நஷ்ட பரிகாரம்

பட்டியலை மைதா பசை தடவி ஒட்டியிருந்தார்கள். ஆறு பக்கம், தெலுங்கில், பொடி எழுத்து. பசை சரியாகக் காயாமல் ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. மூன்றாம் பக்கத்தின் கீழ்ப்பாதியை யார் யாரோ விரல் வைத்துத் தேடித் தேடியே அழித்துவிட்டிருந்தார்கள். என் சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு சுவரில் இடிக்கிற தூரத்தில் நின்று ஒவ்வொரு வரியாக இறங்கினார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். வரிசை என்றும் சொல்ல முடியாது, கூட்டம் என்றும் சொல்ல முடியாது. வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டது ஒரே கேள்விதான்: “பேரு வந்துச்சா?”

2021 டிசம்பர். நாகலாபுரத்துக்கும் பிச்சாட்டூருக்கும் நடுவில் ஒரு கிராமம். ஆந்திர அரசு ஊருக்கு ஊர் திறந்திருந்த ‘ரைத்து பரோசா கேந்திரம்’ ஒன்றின் சுவர் அது. ஆட்சி மாறிய பிறகு பலகையில் ‘ரைத்து சேவா கேந்திரம்’ என்று பெயர் மாறியிருக்கிறது. சுவரில் பட்டியல் ஒட்டும் வழக்கம் மாறவில்லை.

பிச்சாட்டூர் என்ற பெயர் சென்னைவாசிகள் காதில் வருஷத்துக்கு ஒருமுறை விழும். நவம்பரில், ‘பிச்சாட்டூர் அணை திறப்பு, ஆரணி ஆற்றங்கரை மக்களுக்கு எச்சரிக்கை’ என்று. கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் கொசஸ்தலையில் வெள்ளம், கலவகுண்டாவைத் திறந்தால் பொன்னையாற்றில் வெள்ளம். மேலே பெய்தது கீழே வருகிறது என்பதோடு நம்மூர்ச் செய்தி முடிந்துவிடும். அந்த மேட்டில் நின்ற நெல் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

அங்கே இருப்பவர்கள் அந்நியர்களும் இல்லை. 1911 ஏப்ரல் வரை சித்தூர்தான் வட ஆற்காடு மாவட்டத்துக்கே தலைநகர். 1960-ல் படாஸ்கர் தீர்ப்புப்படி திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. 2022 ஏப்ரல் 4-ம் தேதி சித்தூரைப் பிரித்துத் திருப்பதி மாவட்டம் வந்தது. சித்தப்பாவின் வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் தலைக்கு மேல் மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறியது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பத்திரத்தில் தெலுங்கு, திட்டும்போது மறுபடியும் தமிழ்.

நவம்பரில் போனது, பிப்ரவரியில் வந்தது

2021 நவம்பர் 18-ம் தேதி பிடித்த மழை. 19-ம் தேதி விடிவதற்குள் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்குப் பக்கத்தில் கரையேறிவிட்டது. அதன் முழுச் சுமையும் சேஷாசலம் மலைமேல் இறங்கியது. திருமலைப் பாதைகளில் பாறை சரிந்தது. ஸ்ரீவாரி மெட்டு நடைபாதை பிய்த்துக்கொண்டு போனது. கல்யாணி அணையைத் திறந்தார்கள், சுவர்ணமுகி கரை தாண்டியது. திருப்பதிக்கு அருகே விஜயநகர காலத்து ராயலசெருவு ஏரியின் கரையில் நீர் கசிய ஆரம்பித்ததும் கீழே இருந்த கிராமங்களையே காலி செய்தார்கள். பக்கத்துக் கடப்பை மாவட்டத்தில் செய்யேற்றின் அன்னமய்யா அணை உடைந்தது. மாநிலத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சித்தப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் சொந்தமாக ஒன்றரை ஏக்கர், குத்தகைக்கு ஒரு ஏக்கர். இரண்டரையிலும் நெல், கதிர் பால் பிடிக்கிற நேரம். மூன்று நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தபோது பயிர் நின்றுகொண்டுதான் இருந்தது, பழுப்பாக. கதிரைக் கசக்கினால் கையில் ஒன்றுமில்லை.

2022 பிப்ரவரி 15 அன்று அப்போதைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி கணினிப் பொத்தானை அழுத்தினார். அந்த நவம்பர் மழையில் பயிர் இழந்த 5,97,311 விவசாயிகளுக்கு 542.06 கோடி ரூபாய். சீக்கிரம் கொடுத்துவிட்டோம் என்று அரசு சொன்னது, பொய்யும் இல்லை. வருஷம் தாண்டி வந்த நிவாரணங்களைப் பார்த்த ஜனம் அது. கூட்டிக் கழித்தால் தலைக்குச் சராசரி 9,075 ரூபாய். சித்தப்பாவின் ஒன்றரை ஏக்கருக்கு வந்ததும் ஒன்பதாயிரத்துச் சொச்சம். அவர் சராசரி மனிதர்தான்.

இந்தப் பணத்துக்குத் தெலுங்கில் ஜனங்கள் சொல்லும் பெயர் ‘நஷ்டபரிஹாரம்’. சித்தூர்த் தமிழர்கள் வாயில் அது நஷ்ட பரிகாரம். சித்தப்பாவின் திருப்பதி மாவட்டத்தில்தான் ஸ்ரீகாளஹஸ்தி இருக்கிறது. ராகு கேது பரிகாரத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து நாள் தவறாமல் பஸ் பஸ்ஸாக ஆள் போகிறது. செப்பேடுகளைப் புரட்டினால் பல்லவர், சோழர் காலத்துப் பரிகாரத்துக்கு அர்த்தம் வேறு: வரியிலிருந்து கிடைக்கும் விலக்கு. அரசன் கொடுப்பது, கிரகத்துக்குச் செய்வது, வெள்ளத்துக்கு வருவது, எல்லாம் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

அரசாங்கத் தாளில் மட்டும் அந்தச் சொல் கிடையாது. அங்கே இதற்குப் பெயர் ‘இன்புட் சப்சிடி’, இடுபொருள் மானியம். பெயர் வேறு என்பதோடு விஷயமும் வேறு. பேரிடர் நிதியிலிருந்து தருவது நிவாரணமே தவிர இழப்பீடு ஆகாது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. போன பயிருக்கு விலை தர முடியாது. அடுத்த பயிருக்கு விதையும் உரமும் வாங்கக் கொஞ்சம் கைகொடுப்போம் என்பதுதான் ஏற்பாடு. 2005-ம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி அமைந்த மாநிலப் பேரிடர் நிதிக்கு நூற்றுக்கு 75 ரூபாய் மத்திய அரசும் 25 ரூபாய் மாநில அரசும் போடுகின்றன. அதற்கு மேல் ஆகும் பேரழிவென்றால் தேசிய நிதியைக் கேட்டு நிற்க வேண்டும்.

சரி, இழப்பீடு வேண்டாம். அடுத்த விதைப்புக்கான பணம் என்ற அவர்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2022 அக்டோபரில் வந்த மத்திய விதிமுறைப்படி மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000, மரப்பயிர் போன்ற நீண்டகாலப் பயிருக்கு 22,500. இரண்டு ஹெக்டேருக்கு மேல் கிடையாது. மூன்றில் ஒரு பங்காவது, அதாவது 33 சதவீதம், அழிந்திருக்க வேண்டும். 2015 வரை இது பாதியாக இருந்தது. 49 சதவீதம் அழிந்தவனுக்கு ஒன்றுமில்லை. அந்த வருஷம்தான் மோடி அரசு இதை 33 ஆக இறக்கியது, நல்ல காரியம்.

புங்கனூர், பலமனேர்ப் பக்கம் மானாவாரி வேர்க்கடலை போடும் ஒருவருக்கு இதை ஏக்கர் கணக்கில் சொன்னால் 3,440 ரூபாய். ஒரு ஏக்கருக்கு 60 கிலோ பருப்பு விதைக்க வேண்டும். கிலோ 100 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் விதைக்கே 6,000. உழவுக்கு டிராக்டர், ஜிப்சம், களையெடுக்க ஆள் எல்லாம் தனி. இடுபொருள் மானியம் பாதி விதைக்குத்தான் காணும்.

தொகையைவிடத் தேதிதான் எனக்கு உறுத்துகிறது. நவம்பரில் நெல் போனால், எங்கள் பக்கம் அடுத்து இருப்பது நவரைப் பட்டம். டிசம்பர் கடைசியில் நாற்று விட்டு, ஜனவரியில் நட்டு, ஏப்ரலில் அறுப்பது. வெள்ளம் ஏரியை நிறைத்துவிட்டதால் அந்த வருஷம் நவரைக்குத் தண்ணீர் கவலையில்லை. விதை வாங்கத்தான் காசில்லை. பிப்ரவரி 15-ம் தேதி முதல்வர் பொத்தானை அழுத்தும்போது சித்தப்பாவின் நடவு முடிந்து முதல் களை எடுத்தாயிற்று. பாதிக்கப்பட்டவர்களுக்கு 80 சதவீத மானியத்தில் விதை தருவதாக அரசு உடனே அறிவித்திருந்ததைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். பணத்தைவிட அதுதான் காலத்துக்கு ஏற்ற உதவி. சித்தப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. அவர் பெயர் அப்போது சிக்கலில் இருந்தது.

ழகரம்

ஆந்திராவில் எந்தப் பயிர் உதவிக்கும் வாசல்படி ‘ஈ-க்ராப்’ பதிவு. கிராம வேளாண் உதவியாளர் வயலுக்கு வந்து, சர்வே எண்ணைத் தட்டி, என்ன பயிர், எந்த ரகம், எப்போது விதைத்தது என்று ஏற்றி, வரப்பில் நின்று படம் பிடிப்பார். இடத்தின் அட்ச தீர்க்கரேகை படத்தோடு பதிவாகும். பிறகு விவசாயி கைரேகை வைக்க வேண்டும். இது ஆகியிருந்தால்தான் உங்கள் வயலில் பயிர் இருந்தது. ஆகாதிருந்தால், கண்முன் இரண்டரை ஏக்கர் அழுகிக் கிடந்தாலும், கணினியைப் பொறுத்தவரை அது தரிசு. முன்பு கிராம அதிகாரி அடங்கலில் தோன்றியதை எழுதிய காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஊருக்கே வராத நிலக்கிழார் கடலை போட்டதாக எழுதிக்கொள்வது குறைந்திருக்கிறது. எனக்கு இந்த ஏற்பாட்டின்மேல் விரோதமில்லை.

ஆனால் கணினிக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சித்தப்பா பெயரில் ழகரம் உண்டு. இன்றைய தெலுங்கில் அந்த எழுத்து கிடையாது. (பழைய தெலுங்குக் கல்வெட்டுகளில் இருந்தது, பிறகு கழன்றுவிட்டது.) பட்டாதார் பாஸ் புத்தகத்தில் தெலுங்கு ளகரம் போட்டிருந்தார்கள். ஆதாரில் யாரோ தமிழ் தெரிந்தவர் ஆங்கிலத்தில் இசட்-ஹெச் அடித்திருந்தார். வங்கியில் வெறும் எல். ஆக, ஒரே மனிதர் மூன்று பேராக இருந்தார். பட்டியலில் மூவரையும் காணோம்.

“நான்தான்பா அது” என்று சித்தப்பா வேளாண் உதவியாளரிடம் சொன்னார். அந்தப் பையனுக்கு அவரைத் தெரியும். அவர் நெல்லைப் படம் பிடித்ததே அவன்தான். “தெரியும் மாமா, சிஸ்டம்தான் ஒத்துக்க மாட்டேங்குது” என்றான். ஆட்சேபணை எழுதிக்கொடுக்கத்தான் அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டுகிறார்கள், சமூகத் தணிக்கை என்று அதற்குப் பெயர். எழுதிக் கொடுத்தோம். பெயர் ஏறியது. விதை விநியோகம் அதற்குள் முடிந்திருந்தது.

அடுத்தது வங்கி. ஆதார் வழியாகப் போகும் பணம், கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தீர்களோ அங்கே போய் விழும். சித்தப்பா தன் பழைய கணக்குள்ள வங்கிக்கு மூன்று நடை போனார். பணம் வரவில்லை என்றே மூன்று முறையும் சொன்னார்கள். சமையல் எரிவாயு மானியத்துக்காக எப்போதோ வேறொரு வங்கியில் திறந்த கணக்கில் அது இரண்டு வாரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

இவையெல்லாம் அலைந்தால் தீர்கிற பிரச்சினைகள். குத்தகை ஏக்கர் அப்படித் தீரவில்லை. 2019-ல் ஆந்திர அரசு பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. ‘கவுலு ரைத்து’ எனப்படும் குத்தகைக்காரருக்கு 11 மாதத்துக்கு ஒரு அட்டை. நிலத்தில் பாத்தியதை கிடையாது, பயிரில் மட்டும் உரிமை. கடன், காப்பீடு, நிவாரணம் எல்லாம் அந்த அட்டையை வைத்து வாங்கலாம். நிலக்காரர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான் கொக்கி. சித்தப்பாவின் நிலக்காரர் சென்னையில் இருக்கிறார், நல்ல மனுஷர், பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பவர். கையெழுத்து என்றதும், “எதுக்குப்பா அதெல்லாம், நமக்குள்ள என்ன” என்றார். பத்திரத்தில் குத்தகைக்காரன் பெயர் ஏறினால் நிலம் போய்விடும் என்ற பயம் மூன்று தலைமுறையாக ரத்தத்தில் இருக்கிறது. அதை ஒரு சட்டம் கழுவிவிட முடியவில்லை. அந்த ஏக்கருக்கு உழுதது, நட்டது, உரம் போட்டது, அழுகியதைப் பார்த்து நின்றது எல்லாம் சித்தப்பா. நிவாரணம் யாருக்கும் வரவில்லை.

மூன்று அங்குலம்

பயிர் போனது ஒரு வகை. சுவர்ணமுகிக் கரையிலும் செய்யேற்றுக் கரையிலும் நிலமே போனது. வெள்ளம் வடிந்த பிறகு வயல் இருந்த இடத்தில் ஆற்று மணல். வரப்பு தெரியவில்லை, எது யாருடையது என்று சொல்ல மோட்டார் கொட்டகையின் கூரையை அடையாளம் வைத்துக் கையைக் காட்டினார்கள். இதற்கும் விதியில் இடமுண்டு. மணல் மூன்று அங்குலத்துக்கு மேல் படிந்திருந்தால் அள்ளுவதற்கு உதவி: அன்றைய விதிப்படி ஹெக்டேருக்கு 12,200, 2022 அக்டோபர் விதிப்படி 18,000. ஆறு திசை மாறி நிலத்தையே அடித்துக்கொண்டு போனால் அன்றைக்கு 37,500, 2022 விதியில் 47,000.

ஒரு ஹெக்டேரில் மூன்று அங்குலம் மணல் என்றால் 750 கன மீட்டருக்கு மேல். டிராக்டர் டிரெய்லரில் நடைக்கு மூன்று கன மீட்டர் ஏற்றினால் 250 நடை. 18,000-ஐ 250-ஆல் வகுத்தால் நடைக்கு 72 ரூபாய். டீசல் விலை தெரிந்தவர்கள் மேற்கொண்டு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதே மணலுக்குத்தான் நகரத்தில் லாரி லாரியாக விலை. ஆனால் தன் வயலில் வந்து விழுந்த மணலை விவசாயி இஷ்டத்துக்கு விற்றுவிட முடியாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். மணலை அள்ளி முடித்தாலும் அதன் அடியில் இருந்த வண்டல் திரும்பி வராது. அதற்கு விதியில் வரியே இல்லை.

அரசு கணக்குப் பார்த்துக் கஞ்சி ஊற்றுவது புதிதல்ல. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-ல், சித்தூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடும் செத்து விழுந்த மாவட்டங்களில் ஒன்று. அப்போது வைஸ்ராய் அனுப்பிவைத்த ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலைக்கு வருபவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது ஆளைக் கொல்லும் அளவு என்று சண்டை போட்டார். அதன் பிறகே பஞ்சக் கமிஷனும் பஞ்ச விதித்தொகுப்பும் வந்தன. விளையாத வருஷத்தில் தீர்வையைத் தள்ளும் ‘வஜா’ என்ற சொல் எங்கள் பாட்டி காலம் வரை புழக்கத்தில் இருந்தது. எவ்வளவு கொடுத்தால் போதும் என்ற அந்தச் சண்டை மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

2023-ல் ஆந்திராவில் வறட்சியும் புயலும் சேர்ந்து வந்தன. காரிஃபில் வறட்சி, 103 மண்டலங்கள் வறட்சி மண்டலங்களாக அறிவிக்கப்பட்டன. டிசம்பர் 5-ல் மிக்ஜாம் புயல் பாபட்லா அருகே கரையேறும் வழியில் சூளூர்பேட்டை, நாயுடுபேட்டை, கூடூர்ப் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. மத்திய அரசு பேரிடர் நிதித் தவணையை முன்கூட்டியே விட்டது, ஆந்திராவுக்கு 493.60 கோடி, நமக்கு 450 கோடி. (நாம் கேட்டது ஆயிரக்கணக்கான கோடி. கிடைக்காமல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போனது தனிக்கதை.) 2024 மார்ச் 6 அன்று ஆந்திராவில் மறுபடி பொத்தான்: வறட்சிக்கும் புயலுக்குமாகச் சுமார் 1,294 கோடி, 11.59 லட்சம் விவசாயிகள். பத்து நாளில் தேர்தல் தேதி வந்துவிட்டது. இன்னும் கணக்கில் ஏறாத நலத்திட்டப் பணங்களை, இடுபொருள் மானியம் உட்பட, மே 13 வாக்குப்பதிவு முடியும்வரை நிறுத்திவைக்கச் சொன்னது தேர்தல் ஆணையம். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. முந்தைய ஜூனில் விதைத்துக் காய்ந்த கடலைக்கான பணம் அடுத்த ஜூன் விதைப்பின் வாசலில் நின்றது. பொத்தானை அழுத்துவது வேறு, பணம் வருவது வேறு என்று ஜனங்கள் அந்த வருஷம் தெரிந்துகொண்டார்கள்.

2024 செப்டம்பர் விஜயவாடா வெள்ளத்துக்குப் பிறகு சந்திரபாபு நாயுடு அரசு நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25,000 என்று உயர்த்தியது. மத்திய அளவுக்கு மேல் மாநிலம் தன் கையிலிருந்து போடுவது. அதே ஆண்டு ஃபெஞ்சல் புயலுக்குத் தமிழ்நாடு கொடுத்தது 17,000. ஊத்துக்கோட்டையிலிருந்து நாகலாபுரம் பஸ்ஸில் ஒரு தூக்கம் போடும் தூரம்கூட இல்லை. ஒரே மேகம், ஒரே ரக நெல், எல்லைக்கல்லைத் தாண்டினால் ஹெக்டேருக்கு எட்டாயிரம் வித்தியாசம்.

மாங்காய் விலை விழுவது இந்த விதிகளுக்குள்ளேயே வராது. 2025 கோடையில் சித்தூரில் பெங்களூரா, அதாவது தோத்தாபுரி, காய்த்துக் கொட்டியது. கூழ்த் தொழிற்சாலைகள் வாங்கவில்லை. வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் நின்றன. ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று 12 ரூபாய்க் கணக்கு அறிவித்தார்கள். கர்நாடக மாங்காய் வராமல் எல்லையில் நிறுத்தியதால் சித்தராமையா கடிதம் எழுதினார். ஜூலையில் மத்திய அரசும் குவிண்டாலுக்கு 1,490.73 ரூபாய் என்று சந்தைத் தலையீட்டு விலையை அங்கீகரித்தது. புயலும் பூச்சியும் ஆலங்கட்டியும் பேரிடர்ப் பட்டியலில் இருக்கின்றன. அமோக விளைச்சல் இல்லை.

சித்தப்பா கதைக்கு வருகிறேன். பணம் வேறு வங்கியில் இருப்பது தெரிந்த அன்றைக்கு நானும் கூடப் போனேன். ஒன்பதாயிரத்தையும் எடுத்தார். வீட்டுக்குப் போகவில்லை, நேரே பிச்சாட்டூர் உரக்கடைக்குப் போனார். டிசம்பர் கடைசியில் நவரைக்கு விதைநெல்லும் டிஏபியும் கடனாகக் கொடுத்தது அந்தக் கடைதான். ஆதார் கேட்கவில்லை, அடங்கல் கேட்கவில்லை, வரப்பில் நிற்கவைத்துப் படம் எடுக்கவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கடைக்காரர் விலையில் ஏற்றிப் போட்டிருந்தார், அவ்வளவுதான். குத்தகை ஏக்கருக்கும் சேர்த்தே கொடுத்திருந்தார்.

கடைக்காரர் நோட்டுகளை இரண்டு முறை எண்ணினார். நீளமான கணக்கு நோட்டைத் திறந்து, நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கம் புரட்டி, சித்தப்பா பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்தார். மீதி ஆயிரத்து நூறு நிற்கிறது, அறுப்புக்குப் பார்த்துக்கலாம் என்றார். நான் எட்டிப் பார்த்தேன். தமிழில் எழுதியிருந்தார். ழகரம் சரியாக இருந்தது.